இரவுக்குக் காசு மட்டும் போதாது

(சங்கத்தின் தொழிற்கல்வி வகுப்பில் தோட்டச் சுகாதாரப் பணியாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

இந்த வகுப்பிலே வழக்கமாகச் சம்பளம், பேர், கொழுந்து நிறை, சேமலாப நிதி பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு நாங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாங்கள் என்றால் யார்? தோட்ட வைத்திய உதவியாளர்கள், மருத்துவ மாதுக்கள், தோட்ட ஆஸ்பத்திரி அட்டெண்டர்கள். லயத்திலே பிறந்து படித்து இன்று அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியராகவும் சிற்றூழியராகவும் வேலை செய்யும் பிள்ளைகளும் எங்களோடு சேர்த்தி. உங்களைப் போலவே சந்தா கட்டுகிற அங்கத்தவர்கள்தான். உங்களுக்கு வருத்தம் வந்தால் இரவிலே முழித்திருப்பவர்கள் நாங்கள்.

இரவு வேலை தோட்டத்துக்குப் புதிதில்லை. பகலிலே மலையில் பறித்த கொழுந்து சாயந்தரம் ஸ்டோருக்கு வருகிறது. இரவெல்லாம் தொட்டியிலே வாடுகிறது. நடுச்சாமம் கழிந்து ஊர் அடங்கியிருக்கும் நேரத்திலே ரோலர் ஓடத் தொடங்குகிறது. கொழுந்து வாடுவதற்கு அத்தனை மணி நேரம் வேண்டியிருப்பதால் பகலில் எடுத்ததை இரவில்தான் அரைக்க முடிகிறது. ஸ்டோரிலே இரவு வேலை செய்த தோழர்களுக்கு விடியற்காலை 3 மணிக்குக் கண்ணிலே மணல் அள்ளிப் போட்டதுபோல் இருக்கும் அந்த நிலை நன்றாகத் தெரியும். நாங்கள் சொல்லப் போவது அவர்களுக்கும் பொருந்தும்.

ஆஸ்பத்திரியும் அப்படித்தான். பிள்ளை பிறப்பதற்கு நேரம் காலம் கிடையாது. நெஞ்சு வலி விடியட்டும் என்று காத்திருக்காது. ஆகவே இரவு வேலையை நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. யாராவது முழித்திருக்கத்தான் வேண்டும். அப்படி முழித்திருப்பவருடைய உடம்புக்கு என்ன ஆகிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலிலே உடம்பைப் பற்றிச் சொல்கிறோம்.

நம்முடைய மூளைக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியை விடவும் சிறிய ஒரு பகுதி. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரி செய்துகொள்கிறது. இருட்டானதும் மெலட்டோனின் என்ற சுரப்பைச் சுரக்கச் சொல்லி உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்துகிறது. விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையிலே உடம்புச் சூடு ஆகக் குறைந்திருக்கும். கவனமும் அப்போதுதான் ஆகக் குறைவு. மூளையிலே மட்டுமில்லை, ஈரலிலும் இருதயத்திலும் குடலிலும் இதேபோன்ற சிறு கடிகாரங்கள் ஓடுகின்றன. உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இரவு வேலை செய்கிறவருக்கு நடப்பது இதுதான். உடம்பு "படு" என்கிற நேரத்தில் அவர் நிற்கிறார். குடல் ஓய்ந்திருக்கிற நேரத்தில் சாப்பிடுகிறார். உடம்பு "எழும்பு" என்கிற நேரத்தில் படுக்கிறார். இரண்டு நாள் இரவு வேலை செய்துவிட்டு மூன்றாம் நாள் பகல் வேலைக்கு வந்தால், கடிகாரம் எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல் நடுவிலே நிற்கிறது. "பழகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மனம் பழகிவிடுகிறது. உடம்பு பெரும்பாலும் பழகுவதில்லை.

இதனால் வரும் வருத்தங்களைச் சொல்கிறோம். இரவிலே சாப்பிடுகிற சோற்றின் சீனியைப் பகலைப்போல உடம்பால் சமாளிக்க முடியாது. அதனாலே பல வருஷம் முறைமாறி வேலை செய்கிறவர்களுக்குச் சீனி வியாதி வரும் வாய்ப்பு கூடுகிறது. 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2012ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றிலே வந்த கட்டுரை, முறைமாறி வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட 23 வீதம் கூட என்று சொல்கிறது. வயிற்றெரிவு, வாயு, மலச்சிக்கல் எல்லாம் இரவு வேலைக்காரரின் கூடப்பிறந்தவை. மனச்சோர்வும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. "அந்த மிஸ் எரிந்து விழுகிறா" என்று நீங்கள் சொல்கிறபோது, அவ எத்தனையாவது மணித்தியாலமாக நின்றுகொண்டிருக்கிறா என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு இன்னும் கூடுதல். மாதவிடாய் ஒழுங்கு கெடுகிறது. டென்மார்க் நாட்டிலே 20,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், எட்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் வேலை செய்தவர்களுக்கு அடுத்த வாரத்திலே கரு கலையும் வாய்ப்பு 32 வீதம் கூடியிருந்தது. நம்முடைய தொழிலிலே பெண்கள்தான் அதிகம் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

அடுத்தது புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் கீழே இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், உடம்புக் கடிகாரத்தைக் குலைக்கும் முறைமாறு வேலையை 2007ஆம் ஆண்டு "மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்" என்ற 2ஏ பட்டியலிலே சேர்த்தது. 2019இல் மறுபடியும் பரிசீலித்து, இரவு வேலை அதே பட்டியலில்தான் இருக்க வேண்டும் என்று உறுதி செய்தது. இந்தப் பட்டியல், சான்று எவ்வளவு பலமானது என்பதைக் காட்டுகிறதே தவிர ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் காட்டுவதில்லை. இரவு வேலை செய்த எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று யாரும் பயந்துவிட வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே 2ஏ பட்டியலிலே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று 2015ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதுதான் கிளைபொசேட், நீங்கள் மலையிலே அடிக்கும் புல் மருந்து. அதே 2015இலேயே நமது நாட்டில் அதைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதித்தார்கள். எவ்வளவு வாக்குவாதம் நடந்தது! மருந்து அடிக்கிறவருக்குக் கையுறை வேண்டும், முகக்கவசம் வேண்டும், குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதே படியிலே இருக்கும் இரவு வேலைக்கு இது வரை என்ன பாதுகாப்புக் கேட்டிருக்கிறோம்? மேலதிக நேரக் காசு மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

இனி, இது நோயாளிக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம். நோயாளி என்றால் நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான்.

ஒரு மனிதர் 17 மணித்தியாலம் தொடர்ந்து முழித்திருந்தால், அவருடைய கவனமும் கை வேகமும் இரத்தத்திலே 0.05 வீதம் மதுசாரம் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1990களின் கடைசியிலே அவுஸ்திரேலியாவில் நடத்திய சோதனைகள் காட்டின. பல நாடுகளிலே அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். 24 மணித்தியாலம் முழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமம். குடித்துவிட்டு ஒருவர் ஊசி போட வந்தால் நாம் விடுவோமா? 24 மணித்தியாலம் முழித்திருந்தவர் வந்தால் "பாவம், கஷ்டப்படுகிறார்" என்று கையை நீட்டுகிறோம்.

அமெரிக்காவிலே 1984ஆம் ஆண்டு லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் பிள்ளை நியூயோர்க்கிலே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட சில மணித்தியாலங்களிலேயே இறந்துபோனாள். அவளைப் பார்த்த பயிற்சி வைத்தியர்கள் நீண்ட நேரம் ஓய்வில்லாமல் வேலை செய்தவர்கள். அவளுடைய தகப்பனார் விடாமல் போராடினார். அதன் பலனாக அந்த மாநிலத்திலே பயிற்சி வைத்தியர்களின் வேலை வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்று கட்டுப்படுத்தப்பட்டது. 2003இல் அந்த வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. 80 மணித்தியாலமே அதிகம்தான். ஆனாலும் வரம்பு என்ற ஒன்று வந்தது. 2004இல் வெளிவந்த ஹாவர்ட் ஆய்வு ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவிலே 24 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பழைய நீண்ட முறையில் வேலை செய்த பயிற்சி வைத்தியர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் வேலை செய்தவர்களை விட 36 வீதம் கூடுதலாகப் பாரதூரமான தவறுகள் செய்தார்கள் என்று கண்டது. இரு முறைகளிலும் வேலை செய்தவர்கள் ஒரே பயிற்சி வைத்தியர்கள்தான். படிப்பும் ஒன்றுதான். மாறியது நேரசூசி மட்டுமே.

ஆகவே களைப்பு என்பது ஆளுடைய குணம் சம்பந்தப்பட்டதில்லை. கெட்டிக்காரியும் களைப்பாள், நல்லவரும் களைப்பார். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற மாதிரி மருந்துத் தண்ணீர் எத்தனை மில்லி என்று கணக்குப் போட வேண்டிய நேரம் விடியற்காலை 4 மணியாக இருந்தால், அந்தக் கணக்கைப் போடும் தலை தெளிவாக இருக்க வேண்டும் என்பது உங்களுடைய உரிமை.

நமது நாட்டிலே நிலைமை எப்படி என்று பார்ப்போம். அரசாங்க வைத்தியசாலையிலே தாதியரின் முறை பொதுவாகக் காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை, 1 மணியிலிருந்து மாலை 7 மணி வரை, பிறகு மாலை 7 மணியிலிருந்து மறுநாள் காலை 7 மணி வரை. இரவு முறை 12 மணித்தியாலம். இது கடதாசியிலே உள்ளது. ஆள் குறைந்தால் பிற்பகல் 1 மணிக்கு வந்தவர் இரவுக்கும் நிற்க வேண்டி வருகிறது. அது 18 மணித்தியாலம். மேலே சொன்ன 17 மணித்தியாலக் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக வெளிநாடு போனார்கள். அவர்கள் விட்டுப்போன இரவுகளை இங்கே இருப்பவர்கள்தான் பங்கு போட்டுச் சுமக்கிறார்கள்.

தோட்டத்திலே நிலைமை வேறு. இங்கே பெரும்பாலும் நேரசூசியே கிடையாது. மருத்துவ மாது குவாட்டர்ஸிலே இருக்கிறா. இரவு 1 மணிக்கு லயத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போக வேண்டும். 1990 அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது மலைப்பாதை ஏறி வரும் வரை தாயின் பக்கத்திலே இருக்க வேண்டும். சில நேரம் அவளோடு வைத்தியசாலை வரைக்கும் போக வேண்டும். திரும்பி வரும்போது விடிந்துவிடும். 8 மணிக்குப் பிள்ளை மடுவத்திலே நிறை பார்க்கும் வேலை காத்திருக்கும். அந்த இரவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. குவாட்டர்ஸ் கொடுத்திருக்கிறோம், ஆகவே 24 மணித்தியாலமும் கடமைதான் என்று சொல்லும் நிருவாகங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எழுதப்படாத வேலைக்குக் காசும் இல்லை, ஓய்வும் இல்லை.

வீட்டுக்குப் போன பிறகு என்ன ஓய்வு? பழைய லய அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. பக்கத்து அறையிலே ரேடியோ, முன்னாலே பிள்ளைகள், அடுப்பிலே புகை, திருவிழாக் காலமென்றால் கோயிலிலே ஒலிபெருக்கி. பெண்ணாக இருந்தால் வந்த கையோடு தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், உலை வைக்க வேண்டும். "பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறாள்" என்ற பேச்சு வேறு. பகல் தூக்கம் எப்படியும் இரவுத் தூக்கத்தை விடக் குறைவு. அதையும் நாம் பறித்துக்கொள்கிறோம்.

இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருகிறோம். எங்களுக்குள்ளேயே பலர் இரவு வேலையை விரும்பிக் கேட்கிறார்கள். ஓ.டி. இல்லாவிட்டால் மாதம் ஓடாது. வீட்டுக் கடன், பிள்ளையின் டியூஷன், அம்மாவின் மருந்து எல்லாம் அந்தக் காசிலேதான் நடக்கின்றன. "நேரத்தைக் குறை என்று சங்கம் கேட்டால் என் வயிற்றிலே அடிப்பதுபோல" என்று எங்கள் கூட்டத்திலேயே சொன்னார்கள். அது நியாயமான பேச்சு. அதற்குப் பதில் சொல்லாமல் நாம் ஒரு அடியும் எடுத்து வைக்க முடியாது.

எங்கள் பதில் இது. அடிப்படைச் சம்பளம் வாழப் போதாமல் இருப்பதால்தான் நாம் தூக்கத்தை விற்கிறோம். கொழுந்து பறிக்கிறவர் கிலோக் காசுக்காக இருட்டும் வரை நிற்பதும் இதே கதைதான். ஆகவே நேர வரம்பையும் அடிப்படைச் சம்பளத்தையும் ஒரே கோரிக்கையாகக் கட்டிக் கேட்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்டால் நிருவாகம் நம்மை நமக்குள்ளேயே மோத விடும். இரவுக்குக் கிடைக்கும் காசைக் கொண்டு சீனி வியாதிக்கும் இருதயத்துக்கும் மருந்து வாங்குவதானால், அந்தக் காசு நம்மிடம் தங்கவே இல்லை என்றுதான் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கப் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளை வேலைக்கமர்த்தல் சட்டம் இருக்கிறது. 1984இல் அது திருத்தப்பட்டபோது, கைத்தொழில் நிறுவனங்களிலே பெண்களை இரவில் வேலைக்கு அமர்த்தச் சில நிபந்தனைகள் போடப்பட்டன. விருப்பத்துக்கு மாறாக வற்புறுத்தக் கூடாது. தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் வேலை செய்த பெண்ணை அன்று இரவு 10 மணிக்குப் பிறகு வேலை வாங்கக் கூடாது. ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு வேண்டும். ஓய்வறையும் சிற்றுண்டி வசதியும் வேண்டும். மாதத்திலே 10 நாளுக்கு மேல் இரவு வேலை கூடாது. ஸ்டோரிலே வேலை செய்யும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது கைத்தொழிலுக்கான சட்டம். இரவிலே முழித்திருக்கும் தாதிக்கும் மருத்துவ மாதுவுக்கும் இதே அளவு பாதுகாப்பு ஏன் இருக்கக் கூடாது?

சர்வதேச தொழில் தாபனம் தாதியருக்காக 1977ஆம் ஆண்டு 149ஆம் இலக்கச் சமவாயத்தையும் 157ஆம் இலக்கப் பரிந்துரையையும் கொண்டுவந்தது. அந்தப் பரிந்துரையின்படி, மேலதிக நேரமும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் 12 மணித்தியாலமாவது ஓய்வு இருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 171ஆம் இலக்க இரவு வேலைச் சமவாயம், இரவு வேலைக்காரர் கேட்டால் இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும், உடம்பு தாங்காது என்று கண்டால் அவருக்கேற்ற பகல் வேலைக்கு மாற்ற வேண்டும், கர்ப்பிணிக்கு மாற்று ஏற்பாடு வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே நாங்கள் ஆகாயத்திலிருந்து எதையும் கேட்கவில்லை.

சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பத்திரத்திலே சேர்க்கும்படி நாங்கள் கேட்பவை ஐந்து:

ஒன்று: மேலதிக நேரமும் சேர்த்து யாரும் ஒரே தொடரில் 12 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்குப் பிறகு 12 மணித்தியாலம் ஓய்வு வேண்டும்.

இரண்டு: தோட்ட மருத்துவ மாதுவும் வைத்திய உதவியாளரும் இரவிலே அழைக்கப்பட்டால் அந்த நேரம் புத்தகத்திலே எழுதப்பட வேண்டும். அதற்குக் கொடுப்பனவும், மறுநாள் ஓய்வும் வேண்டும்.

மூன்று: கர்ப்பிணிகளுக்குச் சம்பளம் குறையாமல் பகல் வேலை வேண்டும்.

நான்கு: இரவு வேலை செய்யும் எல்லோருக்கும், ஸ்டோர்த் தொழிலாளர்கள், காவற்காரர்கள் உட்பட, வருஷத்துக்கு ஒரு தடவை சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பரிசோதனை வேண்டும்.

ஐந்து: இரவிலே அரை மணித்தியாலம் சாய்ந்துகொள்ள ஓர் அறையும், வேலை முடிந்து போக வாகனமும் வேண்டும். களைத்த கண்ணோடு மலைப்பாதையிலே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கோரிக்கை வெல்லும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இரவு வேலைக்குப் போகும் முன்பு பிற்பகலிலே ஒன்றரை மணித்தியாலம் படுங்கள். வயிறு நிறையச் சோற்றை நடுச்சாமத்துக்கு முன்பே முடித்துக்கொண்டு, பிறகு இலேசாகச் சாப்பிடுங்கள். பிளேன்டியை இரவின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். விடியும் நேரத்திலே குடித்தால் வீட்டிலே தூக்கம் வராது. கூட வேலை செய்கிறவர் இருந்தால் முறை வைத்து 20 நிமிஷம் கண்ணை மூடுங்கள். விடியற்காலையிலே கொடுக்கும் மருந்தின் அளவை இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கும் அறை ஜன்னலுக்குக் கறுப்புச் சீலை போடுங்கள். வீட்டிலே உள்ளவர்களும் ஆண் பெண் பாராமல் அந்த ஆறு மணி நேரத்துக்குத் தண்ணீர் பிடிக்கும், உலை வைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைக் குறைத்தால் அதுவும் ஓர் ஒற்றுமைதான்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்திலே இரவு வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், அதிலே பெண்கள் எத்தனை பேர், அந்த மாதத்திலே ஒவ்வொருவரும் எத்தனை இரவு நின்றார்கள் என்று ஒரு கொப்பியிலே எழுதிக்கொண்டு வாருங்கள். கொழுந்து நிறையைக் கணக்குப்பிள்ளை மட்டும் எழுதிய காலத்திலே நாம் ஏமாந்தோம். நாமும் எழுதத் தொடங்கிய பிறகுதான் கேட்க முடிந்தது. இரவுகளையும் நாமே எழுதுவோம். கணக்கு கையிலே இருந்தால் பேச்சுவார்த்தை மேசையிலே அதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். இன்றைக்கு இரவு வேலை உள்ளவர்கள் முதலிலே கேட்டுவிட்டுப் போய்ப் படுங்கள்.